இரண்டு காந்தாரங்களுக்கு நடுவே

சிங்கப்பூரில் வயலினும் மிருதங்கமும் புல்லாங்குழலும் வாய்ப்பாட்டும் பயின்ற, பயின்றுவருகிற தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் சிலர் என்னிடமே சரளி வரிசை படித்தவர்கள். மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது. ஆனால் சனிக்கிழமைப் பிற்பகலில் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் மின்படியில், முதுகில் வயலின் பெட்டியோடு ஏறி வரும்போது பார்த்திருக்கிறேன். அதே பெட்டி பதினாறு, பதினேழு வயதில் கட்டிலுக்கு அடியில் போய்விடுவதையும் பார்த்திருக்கிறேன். ஓ நிலைத் தேர்வு, தொடக்கக் கல்லூரி, தேசிய சேவை, பல்கலைக்கழகம் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். அரங்கேற்றத்துக்கு எடுத்த பட்டு பீரோவில் தங்கிவிடும், வயலின் கட்டிலடியில் தங்கிவிடும். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வருடம் கற்ற கலைக்கு சபாக் கச்சேரியைத் தவிர வேறு போக்கிடம் உண்டு என்று உங்களுக்கு யாரும் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

கேட்பது இதுதான். பெட்டியை வெளியே எடுங்கள். தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி அரபு ஸ்திரீட் பக்கம் நடந்து வாருங்கள். கால் மணி நேர நடை. அங்கே கம்பூஸ் என்னும் தந்தி வாத்தியம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், ஜாஸ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஒரு விழா மேடைக்காக வேண்டாம். வாரம் தவறாமல், இரண்டு மூன்று வருடம் விடாமல் வாசியுங்கள்.

எனக்கே இது தற்செயலாகத்தான் வாய்த்தது. எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே ஒரு மலாய்ப் பெரியவர் இருக்கிறார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாலை, பிள்ளைகள் பாடம் முடித்துக் கிளம்பும் நேரத்தில் கதவைத் தட்டினார். சத்தம் அதிகம் என்று சொல்ல வந்திருக்கிறார் என நினைத்து மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் கேட்டது வேறு. "சிக்கு, உங்கள் பிள்ளைகள் ஏன் தினமும் ஹிஜாஸ் வாசிக்கிறார்கள்?" ஆசிரியரை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள்.

எனக்குப் புரியவில்லை. நாங்கள் வாசித்தது மாயாமாளவகௌளை, புரந்தரதாசர் வகுத்ததாக நாம் போற்றும் பாட முறையில் எல்லாப் பிள்ளைகளும் தொடங்கும் ராகம். பெரியவர் கீழே போய்த் தம் கம்பூஸைக் கொண்டுவந்தார். சுருதி சேர்த்தார். மெதுவாக மேலே ஏறினார். சட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே அந்தப் பெரிய தாண்டல். இந்த நான்கு சுரக் கட்டுக்கு அரபு இசையில் ஹிஜாஸ் என்று பெயர். பஞ்சமத்திலிருந்து அதே கட்டை இன்னொரு முறை அடுக்கினால் வருவதை ஹிஜாஸ் கார் என்பார்கள். சுரத்துக்குச் சுரம் அது நம்முடைய பதினைந்தாவது மேளம். நீங்கள் ஏழு வயதில் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பாடிய முதல் பாடத்தின் சுரங்களை கெய்ரோவில் ஒருவர் கேட்டால், இது எங்கள் ஊர்ச் சுரமாயிற்றே என்பார்.

அன்றைக்கே அவர் என் வயலினையும் வாங்கிப் பார்த்தார். நான்கு தந்திகளையும் விரலால் சுண்டினார், சிரித்தார். மேற்கத்திய வயலினில் தந்திகள் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். நாம் ச, ப, ச, ப என்று சேர்க்கிறோம். அரபு வயலின்காரர்களின் மரபும் அதுவே. சோல், ரே, சோல், ரே என்பார்கள். சட்ஜம், பஞ்சமம், மறுபடி சட்ஜம், பஞ்சமம். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில், ஏறத்தாழ 200 வருடங்களுக்கு முன், நாம் இந்த வெள்ளைக்காரர் வாத்தியத்தை வாங்கித் தரையில் உட்கார்ந்து, கழுத்தைக் காலில் சாய்த்து, சுருதியை மாற்றிக்கொண்டோம். அரபு நாட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே வாத்தியத்தை எடுத்து அதே மாதிரி மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்க்காமலே இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறோம். வயலின் பயில்கிற பிள்ளைகளே, உங்கள் கையில் இருக்கும் வாத்தியம் எந்தக் கதவையும் திறக்கும். அதில் கட்டை கிடையாது, மெட்டு கிடையாது. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சுரம்.

அடுத்த வாரம் அவர் ராஸ்த் என்ற மகாமை வாசித்தார். நமக்கு ராகம் போல அரபு இசைக்கு மகாம். அங்கேதான் எனக்குத் தடுக்கியது. ராஸ்தின் காந்தாரம் நம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். விரலை வைத்தேன். "கீழே" என்றார். இறக்கினேன். "இல்லை, கொஞ்சம் மேலே." ஏற்றினால் அந்தரத்துக்குப் போய்விடுகிறது. முப்பது வருடம் பழகிய விரல் பழைய வீட்டுக்கே ஓடுகிறது. நம்முடைய கமகங்கள் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு கடந்து போகின்றன, அங்கே தங்குவதில்லை. அவர் தங்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஒரே சுரம். கடைசியில் விரல் நின்றபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு புதிதாக ஒரு சுரம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் பியானோ வாசிக்கும் ஒரு சீனத் தம்பி, பெரியவருடைய மகனின் நண்பர். ஹோட்டல்களில் ஜாஸ் வாசிப்பவர். சோதனை அவருக்குத்தான். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மூன்றாவது கட்டை இல்லை. இது புதிய தலைவலி அல்ல. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டுக்கு பேலா பார்டோக், பவுல் ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய மேதைகளும் வந்திருந்தார்கள். அங்கே பியானோவை அரபு இசைக்குள் விடலாமா கூடாதா என்று பெரிய வாதமே நடந்தது. கால் சுரங்கள் வாசிக்கும் பியானோக்களைக்கூடக் கொண்டுவந்து காட்டினார்கள். பிறகு லெபனானின் நசீம் மாலூஃப் 1960களில் ட்ரம்பெட்டுக்கு நான்காவதாக ஒரு வால்வு வைத்துப் பார்த்தார். அவருடைய மகன் இப்ராஹிம் மாலூஃப் இன்று அந்த ட்ரம்பெட்டோடுதான் உலகெங்கும் ஜாஸ் மேடையேறுகிறார்.

எங்கள் பியானோ தம்பி காந்தாரத்தையே விட்டுவிட்டார். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஒரு கார்டு மகிழ்ச்சியாகக் கேட்கிறதா சோகமாகக் கேட்கிறதா என்பதைச் சொல்வதே காந்தாரம். ஜாஸ்காரருக்கு அதை எடுப்பது நாக்கை எடுப்பதைப் போல. அவர் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் வைத்து, மேலே ஒரு ரிஷபத்தை மட்டும் வைத்தார். நடுவில் காலி. அந்தக் காலியான இடத்தில் கம்பூஸும் வயலினும் போய் ராஸ்தின் காந்தாரத்தை வைத்தன. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு ஒத்திகையில் இது வந்திருக்காது.

ஜாஸ் நமக்குக் கதவு திறந்தது எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1959க்கு முந்தைய ஜாஸில் பெரும்பாலும் கார்டுகள் மின்னல் வேகத்தில் மாறும். அடித்தளம் மாறிக்கொண்டே இருந்தால் ஒரே சட்ஜத்தில் நிலைத்து வாசிக்கும் ராகத்துக்கோ, நிதானமாக ஒரு சுரக் கட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் மகாமுக்கோ அங்கே இடம் கிடைக்காது. 1959இல் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ' தொகுப்பில் ஒரே சுரவரிசையில் நெடுநேரம் நிற்கும் முறையை எல்லாருக்கும் பரிச்சயமாக்கினார். இரண்டு வருடம் கழித்து, 1961 நவம்பரில், நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு விடுதியில் ஜான் கோல்ட்ரேன் 'இந்தியா' என்று பெயரிட்ட உருப்படியை வாசித்தார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் அகமது அப்துல் மாலிக். பாஸ் வாசிப்பவர், ஊத் என்னும் அரபு வாத்தியமும் வாசிப்பவர். 1958இலேயே 'ஜாஸ் சஹாரா' என்று அரபு இசையையும் ஜாஸையும் சேர்த்து இசைத்தட்டு போட்டவர். ஆக, ஜாஸ் இந்தியாவின் பெயரைச் சொன்ன அந்த மேடையில் அரபு இசை அறிந்த கலைஞர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். நமக்குப் புதிதாகத் தோன்றும் கூட்டணிக்கு அறுபது வருடத்துக்கு மேல் வயதாகிறது.

நம் ஊரில் அதைவிடவும் பழசு. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1819இல் ராஃபிள்ஸுடன் நாராயண பிள்ளை என்ற தமிழர் பினாங்கிலிருந்து வந்து இறங்கினார். அதே ஆண்டில் ஏமனின் ஹத்ரமவுத் வழிவந்த அல்ஜுனைத் குடும்பத்தார் பாலெம்பாங்கிலிருந்து வந்தார்கள். நீங்கள் தினமும் ரயிலில் கடக்கும் அல்ஜுனிட் நிலையத்தின் பெயர் அவர்களுடையது. 1820இல் அவர்கள் பள்ளிவாசல் கட்டினார்கள், 1827இல் நாராயண பிள்ளை மாரியம்மன் கோயிலுக்கு அடி போட்டார். ஒரே ஆற்றங்கரை ஊரில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குடியேறியவர்கள். ஹத்ரமவுத்திலிருந்து வந்தவர்களோடுதான் இந்த வட்டாரத்துக்கு ஸாப்பின் ஆட்டமும் வந்தது, கம்பூஸும் வந்தது, மர்வாஸ் என்ற கையடக்க மத்தளமும் வந்தது. ஸாப்பின் தொடங்கும் முன் கம்பூஸ்காரர் தனியாக, தாளமில்லாமல், பண்ணை விரித்துக் காட்டுவார். அதற்குப் பெயர் தக்சிம். ஆலாபனை என்று உங்களுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

எல்லையைத் தாண்டி ஜோகூருக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மலாய் கஸல் என்று ஒரு பாடல் மரபு இருக்கிறது. பாக் லோமாக் என்று மக்கள் அழைத்த ஹாஜி மூசா யூசோப்பின் பெயரை அங்கே மரியாதையோடு சொல்வார்கள். அந்த மேடையில் என்னென்ன வாத்தியங்கள்? இந்தியா வழியாக வந்த ஆர்மோனியம், இந்தியத் தபேலா, அரபு கம்பூஸ், மேற்கத்திய வயலின், கிட்டார். பாடுவது பந்துன் என்னும் மலாய்க் கவிதை. தபேலா என்ற சொல்லே மத்தளத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சிறுவயதில் அப்பா மலாய் வானொலியைத் திருப்பி வைப்பார், பின்னணியில் தபேலா ஒலிக்கும். இது நம்ம பாட்டா அவங்க பாட்டா என்று நான் கேட்பேன். அப்பா பதில் சொல்ல மாட்டார், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்.

ஜாஸுக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜாலான் புசார் ஓரத்தில், இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிற இடத்தில், 1923இல் நியூ வொர்ல்டு பொழுதுபோக்குப் பூங்கா திறந்தது. பழைய நுழைவாயில் இன்றும் அங்கே நிற்கிறது. உள்ளே ஒரு பக்கம் மேற்கத்திய வாத்தியக் குழுவோடு கேபரே நடன அரங்கு, இன்னொரு பக்கம் ரோங்கெங் மேடை, பங்சாவான் நாடகம். சிராங்கூன் ரோட்டுக்காரர் காலாற நடந்துபோய் எல்லாவற்றையும் ஒரே இரவில் கேட்டுவிட்டு வரலாம்.

பாலஸ்தியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. பி. ரம்லி 1948இல் பினாங்கிலிருந்து வந்து 1964 வரை அங்கேதான் நடித்தார், பாடினார், இசையமைத்தார். அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற பஞ்சாபி இயக்குநர். இதே ராஜ்ஹான்ஸ்தான் 1930களில் 'லைலா மஜ்னூன்' எடுத்தவர். அரபுக் கதை, இந்திய இயக்குநர், மலாய் நடிகர்கள், சிங்கப்பூரில் உருவான படம். முதல் மலாய்ப் படம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர். ரம்லியின் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் லத்தீன் தாளம் வரும், ஒன்றில் இந்துஸ்தானிச் சாயல் வரும், ஒன்றில் மத்தியக் கிழக்கின் வாசம் அடிக்கும். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. சில வருடங்களில் ஜாலான் அம்பாஸில் ரம்லி தம் அலிபாபாவை எடுத்தார். கலப்பிசை என்று இன்று விளம்பரப் பலகையில் எழுதுகிறோம். அன்றைக்கு அது பிழைப்புக்குச் செய்த வேலை, அதனால்தான் அவ்வளவு இயல்பாக இருந்தது.

நம் தமிழ் வாத்தியத்துக்கும் இதில் பங்குண்டு. சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் 1960களின் நடுவில் மலேசிய வானொலியின் வாத்தியக் குழுவோடு பணிபுரியக் கோலாலம்பூர் வந்தார். அங்கே நாதஸ்வரத்தைக் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை, கற்றுக்கொண்டார். பிறகு தம் இசைத்தட்டுகளிலும் அதை வாசித்தார். பெங்களூரின் டி. ஏ. எஸ். மணி, ஆர். ஏ. ரமாமணி தம்பதியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு அவர் செய்த 'ஜோதி' தொகுப்பு 1983இல் வெளிவந்தது. 1992இல் லெபனானின் ஊத் கலைஞர் ரபீ அபூ கலீல் 'புளூ கேமல்' தொகுப்பைச் செய்தபோது சாக்சபோனில் இருந்தவர் அதே மரியானோ. பாஸ்டனில் பிறந்த ஒரு மனிதர், மலாயா மண்ணில் நம் கோயில் வாத்தியத்தைக் கேட்டுத் திரும்பியவர், அரபு ஊத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு இயல்பாக உட்காருகிறார். அந்தத் தொகுப்பைக் காதில் ஹெட்போன் மாட்டி ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். சாக்சபோன் நீட்டிப் பிடிக்கிற இடங்களில் எனக்கு நாதஸ்வரத்தில் கேட்ட மல்லாரி ஞாபகம் வருகிறது.

இப்போது மனத்தாங்கலான ஒரு விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு பல்லின விழாவில் வாசிக்க என்னை அழைத்தார்கள். எந்த விழா என்பது வேண்டாம். சீன எர்ஹூ, மலாய் கம்பூஸ், நம் வயலின், மிருதங்கம், ஒரு ஜாஸ் டிரம்ஸ். ஒரே ஒரு ஒத்திகை. ஆளுக்கு மூன்று நிமிடம் தங்கள் பாட்டை வாசிக்க வேண்டும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து வேகமாக ஒரு முத்தாய்ப்பு. கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கு வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பூஸ்காரர் எந்த மகாமில் வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் எந்த ராகத்தில் வாசித்தேன் என்று அவரும் கேட்கவில்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தனித்தனியாக இருந்தோம்.

நம் நகரத்தில் விழாக்களுக்குக் குறைவில்லை. எஸ்பிளனேட் திறந்த 2002ஆம் ஆண்டிலிருந்து கலா உத்சவம் நடக்கிறது. மலாய்க் கலைகளுக்கு பெஸ்தா ராயா, சீனக் கலைகளுக்கு ஹுவாயி. மூன்றுக்கும் டிக்கெட் வாங்கிப் போகிறவள் நான், அவற்றால் நான் பெற்றது மிக அதிகம். புனித இசைக்கான டாபெஸ்ட்ரி விழாவில் பல மரபுகளை ஒரே கூரையின் கீழ் கேட்டிருக்கிறேன். ஆனால் விழா என்பது அறுவடை. நாற்று நடுவது வேறு இடத்தில், யாரும் பார்க்காத நாள்களில் நடக்க வேண்டும். ராகாஜாஸ், ஃபிளேம் ஆஃப் தி ஃபாரஸ்ட் போன்ற குழுக்கள் இந்திய வாத்தியங்களைக் கிட்டாரோடும் ஜாஸோடும் சேர்த்து இங்கேயே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. கம்பூஸ் பக்கம் இன்னும் நம்மவர்கள் போதுமான அளவு போகவில்லை.

மிருதங்கம், தபேலா பயில்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அரபு இசையில் சமாயி என்று பத்து எண்ணிக்கைத் தாளம் இருக்கிறது. தும், இரண்டு இடைவெளி, தக், ஓர் இடைவெளி, தும், தும், தக், இரண்டு இடைவெளி. மேற்கத்திய இசை படித்தவர்கள் இதை எண்ணிப் பழக வாரக்கணக்காகும். எங்கள் பியானோ தம்பி விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். என்னிடம் படிக்கிற பிள்ளையின் அண்ணன், மிருதங்கம் வாசிப்பவன், சும்மா துணைக்கு வந்தவன், மூலையில் உட்கார்ந்து "தகிட தக திமி தகிட" என்றான். மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. முடிந்தது. பெரியவர் கம்பூஸைக் கீழே வைத்துவிட்டு அவனை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னோம். அன்று வாத்தியத்தையே தொடவில்லை, அரை மணி நேரம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தோம். சொல்கட்டு என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? பத்து வயதில் உங்களுக்கு அலுப்புத் தட்டிய அந்தப் பாடத்தை, உலகின் பல மூலைகளில் தாளக் கலைஞர்கள் காசு கொடுத்துக் கற்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் வரும். எனக்கும் வந்தன.

முதலாவது, அது முஸ்லிம்களின் இசையாயிற்றே, நமக்கென்ன வேலை என்பது. மகாம்களின் பெயர்கள் பல மலாய், தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதும் வகுப்பிலேயே பழகியவை என்பது உண்மை. பயாத்தி, ஹிஜாஸ், நஹாவந்த், ராஸ்த் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஓதுவதை அவர்கள் இசை என்று சொல்வதில்லை, நாமும் அப்படிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் அரபு இசை எல்லா மதத்தாருக்கும் சொந்தமாக வளர்ந்தது. 1932 மாநாட்டுக்கு ஈராக்கிலிருந்து வந்த வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் யூதர்கள். அரபு உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் ஃபைரூஸ் லெபனான் கிறிஸ்தவர். நம் பக்கம் திரும்பினால், ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து நாதஸ்வரம் வாசித்த ஷேக் சின்ன மௌலானாவை யார் வேற்றாளாகப் பார்த்தார்கள்? சுல்தான் மசூதிக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஸம் ஸம் கடையில் 1908 முதல் முர்தபா போடுகிறார்கள். மடித்தது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மாவை வீசுகிறவர் இந்தியாவிலிருந்து வந்தவர். அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இரண்டாவது கேள்வி கனமானது. சுத்தம் கெட்டுவிடாதா என்பது. உங்கள் ஆசிரியர்கள் கேட்டால் அது அக்கறையில் கேட்பது, எதிர்த்துப் பேசாதீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ராஸ்தின் காந்தாரத்தில் நிற்கப் பழகிய பிறகுதான் என் அந்தர காந்தாரம் சுத்தமாயிற்று. பக்கத்து இடம் எது என்று தெரிந்தால்தான் நம் இடம் எது என்று விரலுக்கு விளங்குகிறது. முன்பெல்லாம் குத்துமதிப்பாக வைத்த சுரம் இப்போது அறிந்து வைக்கிற சுரம். கர்நாடக சங்கீதத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் ஆழமாக இறங்காதவர்கள் வரவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். அரைகுறையாகக் கற்றவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு முழுமை வராது. ஒரு வர்ணத்தை மூன்று காலத்திலும் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர் வரட்டும். சாதகத்தை விடாதீர்கள். கம்பூஸ்காரரும் தம் தக்சிமை விடமாட்டார். ஜாஸ்காரரும் தினமும் காலையில் தம் சுரவரிசைகளை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கே கூடுவது என்று கேட்பீர்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்டாம்ஃபர்டு கலை நிலையம் மரபுக் கலைகளுக்கென்றே இருக்கிறது. தேக்காவுக்கும், அரபு ஸ்திரீட் இருக்கும் கம்போங் கிளாமுக்கும் ஏறத்தாழ நடுவில். கம்போங் கிளாமுக்குள்ளேயே அலிவால் கலை நிலையம் இருக்கிறது. இரண்டும் தூரமென்றால் யாராவது ஒருவர் வீட்டுக் கூடம் போதும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஒரு தட்டு பலகாரமும் கொடுத்துவிடுங்கள். ஜாஸ் இளைஞர்களைத் தேட எஸ்பிளனேடின் இலவச நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் போய்ப் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். கம்பூஸ் வாசிக்கும் பெரியவர்களைக் கல்யாண வீடுகளில் காண்பீர்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் நடக்கும்போது காது கொடுங்கள். பாக் சிக் என்று மரியாதையாக அழைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் ஹிஜாஸ் வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த முதல் பாடத்திலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. மேடை ஏறியதும் இல்லை. நான்கு வருடமாக வியாழன் இரவு எட்டு மணிக்குக் கூடுகிறோம். ராஸ்தில் ஒரு உருப்படி, ஹிஜாஸ் காரில் ஒன்று, கீரவாணியில் ஒன்று. கீரவாணியைப் பெரியவர் நஹாவந்த் என்கிறார், பியானோ தம்பி ஹார்மோனிக் மைனர் என்கிறார். மொத்தம் மூன்றே மூன்று உருப்படிகள். நான்கு வருடத்துக்கு மூன்றா என்று சிலர் கேட்டார்கள். ஆமாம், மூன்று.

அந்த மிருதங்கப் பிள்ளை இந்த மாதம் தேசிய சேவைக்குப் போய்விட்டான். அவன் உட்கார்ந்த மூலையில் பாய் விரித்தபடியே இருக்கிறது. பெரியவருக்கு எழுபத்தாறு வயது, விரல்களில் வலி தொடங்கிவிட்டது. அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். தாமதிக்காமல் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வயலின் ஆசிரியை